அடிபடுபவனின் கட்டுப்பணம்
அமெரிக்க மோட்டார்க் காப்புறுதி வரலாற்றில் ஒரு கிளைக்கதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மோட்டார் வாகனம் வைத்திருக்கும் ஒரு தொழிலாளி, காப்புறுதிப் பத்திரத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் நடுவே ஒரு வரியைக் காண்கிறான். காப்புறுதி இல்லாத ஒருவனுடைய வாகனம் தன்மீது மோதினால், தனக்கு நேரும் காயத்துக்கும் சம்பள இழப்புக்கும் தன்னுடைய கம்பெனியே நட்டஈடு தரவேண்டும் என்பதற்காக அவன் கட்டும் தனிப் பணம் அது. வீட்டு வாடகை, வைத்தியச் செலவு, வாகனத்தின் மாதத் தவணை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் கொண்டிருப்பவன் அந்த வரியில் வந்து நின்று விடுகிறான். பிறருக்கு நாம் இழைக்கக்கூடிய தீங்குக்குப் பணம் கட்டுவது நியாயம். பிறன் நமக்கு இழைக்கும் தீங்குக்கும் நாமே பணம் கட்டுவதா? அப்படிக் கட்டினாலும் அது கட்டிய பணத்துக்குப் பெறுமதியானதுதானா?

இக்கேள்வி ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைச் சேர்ந்தது போலத் தோன்றுகிறது. நாம் அப்படிக் கருதவில்லை. அடிபடுபவனிடம் கட்டுப்பணம் கேட்கும் இந்த விசித்திரமான வரி அப்பத்திரத்துக்குள் தானாக வந்து சேர்ந்ததன்று. யாரோ சிலர், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட அச்சத்தின் காரணமாக அதை எழுதிச் சேர்த்தனர். அந்த வரலாற்றை அறியாமல் பெறுமதியை எடைபோட முடியாது.

1899ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆந் திகதி, நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவை ஒட்டிய தெருவில் ஹென்றி பிளிஸ் என்பவர் திராம் வண்டியிலிருந்து இறங்கியபோது, மின்சாரத்தால் ஓடும் வாடகைக் கார் ஒன்று அவர்மீது மோதியது. மறுநாட் காலை அவர் மாண்டார். மோட்டார் வாகனத்தால் அமெரிக்காவில் உயிரிழந்த முதல் மனிதர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். வாகன ஓட்டி கைது செய்யப்பட்டான், விசாரணையில் விடுதலையானான். அக்காலத்துச் சட்டம் காயமடைந்தவனிடம் இரண்டு நிபந்தனைகளை விதித்தது. மோதியவனின் கவனயீனத்தை நீ நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் அவனிடம் பணம் இருந்தாற்றான் உனக்குக் கிடைக்கும். குதிரை வண்டிக் காலத்தில் வண்டி வைத்திருந்தவன் பெரும்பாலும் வசதி படைத்தவனாயிருந்தமையால் இரண்டாவது நிபந்தனையின் கொடுமை அதிகம் வெளித்தெரியவில்லை.

அதை வெளிப்படுத்தியது ஹென்றி போர்டின் தொழிற்சாலை. 1908இல் 850 டொலருக்கு விற்கப்பட்ட ‘மொடல் ரீ’ கார் 1924இல் 290 டொலருக்கு இறங்கிவிட்டது. அந்த 290 டொலரும் கையில் இல்லாதவனுக்குத் தவணைக் கடன் இருந்தது. ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பெனி 1919இல் தனக்கென ஒரு கடன் நிறுவனத்தையே தொடக்கியது. 1920களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கார்களிற் பெரும்பாலானவை தவணை முறையிலேயே விற்பனையாயின. 1910இல் ஐந்து இலட்சத்துக்குங் குறைவாக இருந்த வாகனங்கள் 1929இல் இரண்டு கோடியே அறுபது இலட்சத்தைக் கடந்தன. 1930இல் ஒரே ஆண்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் தெருக்களில் மடிந்தனர். தவணையில் வாங்கிய காரைத் தவிர வேறெதுவும் இல்லாதவன்மேல் வழக்குத் தொடுத்து வென்றவனுக்குக் கிடைத்தது தீர்ப்பு எழுதிய தாள் மட்டுமே. காரை விற்றவனுக்கு இலாபம் கிடைத்தது. கடன் கொடுத்தவனுக்கு வட்டி கிடைத்தது. மோதலின் சுமை, மோதுண்டவனின் முறிந்த காலிலே தங்கியது.

இந்நிலையை எதிர்கொள்ள 1925ஆம் ஆண்டில் இரண்டு அயல் மாநிலங்கள் இரண்டு வழிகளை நாடின. கனெற்றிக்கட் மாநிலம், விபத்தை விளைவித்தவன் அதன்பின் தன் பணப் பொறுப்பை நிரூபிக்க வேண்டுமென்று விதித்தது. காப்புறுதிப் பட்டினம் என்று பேர்பெற்ற ஹார்ட்போர்ட் நகரம் அம்மாநிலத்தின் தலைநகர் என்பதை வாசகர்கள் மறந்துவிடலாகாது. முதல் மோதலுக்குப் பின்னரே விழித்துக்கொள்ளும் சட்டம் அது. அம்முதல் மோதலில் அடிபட்டவனுக்கு அதனால் ஆறுதல் ஏதுமில்லை. பக்கத்திலிருந்த மசச்சூசெற்ஸ் மாநிலமோ வேறு வழியிற் சென்றது. காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் பதிவு செய்யப்படமாட்டாது என்று அது சட்டமியற்றியது. 1927 ஜனவரி முதலாந் திகதி அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்கு நேரும் காயத்துக்கு 5,000 டொலர், ஒரு விபத்துக்கு 10,000 டொலர் என்பது குறைந்தபட்ச வரம்பு.

கட்டாயக் காப்புறுதி என்றால் நாட்டிலுள்ள வாகனக்காரர் அனைவரும் கம்பெனிகளின் வாடிக்கைக்காரராகி விடுவார்கள். அப்படியிருந்தும் கம்பெனிகள் இச்சட்டத்தை மும்முரமாக எதிர்த்தன. இது மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வியப்பளிக்கலாம். காரணம் எளிது. எல்லாரும் வாங்கியே ஆகவேண்டிய பண்டத்தின் விலையை அரசாங்கம் பார்த்துக்கொண்டு சும்மா இராது. மசச்சூசெற்ஸில் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசாங்கத்தின் கைக்கே சென்றது. அடுத்த படியாக, அரசாங்கமே காப்புறுதி நடத்தினால் என்ன என்ற கேள்வி எழும். அது வெறுங் கற்பனையன்று. தொழிலாளர் நட்டஈட்டுத் துறையில் ஒகையோ, வாஷிங்ரன் முதலிய மாநிலங்கள் தனியார் கம்பெனிகளுக்கு இடமேயில்லாத அரசாங்க நிதிகளை ஏற்கனவே நிறுவியிருந்தன. அந்தச் சூட்டை ஒருமுறை உணர்ந்த கம்பெனிகள் மறுமுறை நெருப்பின் அருகே செல்ல விரும்பவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வேறெந்த மாநிலமும் மசச்சூசெற்ஸைப் பின்பற்றாதபடி அவை பார்த்துக்கொண்டன.

இதற்கிடையில் 1932இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆதரவில், ரொக்பெல்லர் ஸ்தாபனத்தின் பணத்தில், சட்ட அறிஞர் குழுவொன்று பல்லாயிரக் கணக்கான விபத்துக்களை ஆராய்ந்தது. மோதியவனுக்குக் காப்புறுதி இருந்த வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு தொகை கிடைத்திருந்தது. காப்புறுதி இல்லாத வழக்குகளில் ஏதாவது கிடைத்தவை நான்கில் ஒரு பங்கு அளவே. ரொக்பெல்லரின் பணத்தில் பிறந்த அறிக்கையாயினும் அதன் முடிவு துணிச்சலானது: தொழிற்சாலையில் கை இழந்தவனிடம் யார் குற்றவாளி என்று கேளாமல் நட்டஈடு கொடுப்பது போல, தெருவில் கால் இழந்தவனுக்கும் கொடுக்க வேண்டும் என்று அது கூறியது. கம்பெனிகள் எதிர்த்தன, குற்றத்தை நிரூபிக்கும் வழக்குகளால் வாழும் வழக்கறிஞர்களும் எதிர்த்தனர். அவ்வறிக்கை அமெரிக்காவில் அலமாரியிற் கிடந்தது. அதைக் கையில் எடுத்தது வடக்கே கனடாவின் கோதுமைச் சமவெளியில் இருந்த சஸ்கற்சுவான் மாகாணம். ரொமி டக்ளஸ் தலைமையிலான சமூக ஜனநாயக அரசாங்கம் 1946இல் அங்கே அரசாங்க மோட்டார்க் காப்புறுதியை நிறுவியது. வாகனத்தைப் பதிவு செய்யும்போதே காப்புறுதியும் சேர்ந்து வந்தது. குற்றம் யாருடையதாயினும் காயமடைந்தவனுக்குக் குறித்த தொகை கிடைத்தது. ‘காப்புறுதி இல்லாத வாகனக்காரன்’ என்னும் பேய் அங்கே பெரும்பாலும் மறைந்துவிட்டது.

நாம் தேடிவந்த வரி பிறந்த காலம் இதற்கு அடுத்ததே. போருக்குப் பின் அமெரிக்காவில் கார்கள் பெருகின, புலம்பலும் பெருகிற்று. வட டக்கோட்டா 1947இலும் நியூ ஜேர்சி 1952இலும், வசூலாகாத தீர்ப்புக்களுக்குப் பணம் கொடுக்கும் அரசாங்க நிதிகளுக்குச் சட்டமியற்றின. நியூயோர்க் மாநிலமோ கட்டாயக் காப்புறுதியை ஆண்டுதோறும் விவாதித்து வந்தது. வாசலில் வந்து நின்ற இந்த ஆபத்தைத் தடுக்கவே 1950களின் நடுவில் கம்பெனிகள் தாமாக ஒரு புதிய பண்டத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தன. ‘காப்புறுதி இல்லாதவன் மோதினால் நாங்களே உங்களுக்குத் தருகிறோம், சில டொலர்கள் கூடுதலாகக் கட்டுங்கள், அரசாங்கம் எதற்கு?’ என்பதே அதன் உட்கருத்து. அதாவது, எல்லாரையும் காப்புறுதிக்குள் கொண்டுவரும் சட்டத்துக்கு மாற்றாக, பொறுப்புள்ளவன் பொறுப்பற்றவனுக்கும் சேர்த்துக் கட்டும் ஏற்பாடு.

அந்தத் தந்திரம் நியூயோர்க்கில் முழுவதும் பலிக்கவில்லை. 1956இல் அங்கே கட்டாயக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. எனினும் திருடிய கார்கள், மோதிவிட்டு ஓடிய கார்கள், பிற மாநிலத்துக் கார்கள் ஆகியவை அச்சட்டத்தின் இடுக்குகளில் நழுவின. அவற்றுக்காக 1958இல் எல்லாக் கம்பெனிகளும் பணம் போடும் பொது நிறுவனம் ஒன்றையும் அம்மாநிலம் சட்டத்தால் உண்டாக்கியது. பிற இடங்களிலோ தந்திரம் நன்றாகவே பலித்தது. 1957இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், விற்கப்படும் ஒவ்வொரு மோட்டார்க் காப்புறுதிப் பத்திரத்திலும் இந்த வரி இருக்கவேண்டுமென்று விதித்தது. வேர்ஜீனியாவும் கலிபோர்ணியாவும் தொடர்ந்தன. 1970களின் தொடக்கத்துக்குள் மிகப் பெரும்பாலான மாநிலங்களில் இதைப் பற்றிய சட்டம் இருந்தது.

இப்பண்டத்தின் உள்ளமைப்பைச் சற்று நின்று பார்ப்பது அவசியம். வீடு எரிந்தால் கம்பெனி பணம் தருகிறது. யார் எரித்தான் என்பது பெரிதன்று. இங்கே அப்படியல்ல. அடிபட்டவன் தன் சொந்தக் கம்பெனியிடம் சென்று, மோதியவனே குற்றவாளி என்றும் தனக்கு நேர்ந்த இழப்பு இவ்வளவு என்றும் நிரூபிக்க வேண்டும். மோதியவன் நீதிமன்றத்தில் எந்த எதிர்வாதங்களைச் சொல்லியிருப்பானோ அவற்றையெல்லாம் இவனுடைய கம்பெனியே சொல்லலாம். நீயுந்தான் வேகமாக வந்தாய், உன் முதுகுவலி பழைய வலி, ஆறு வாரம் வேலைக்குப் போகாதிருந்தது அதிகம் என்றெல்லாம் கேட்கலாம். ஆண்டாண்டாகக் கட்டுப்பணம் வாங்கிய கை, அந்நேரத்தில் மோதியவனின் இடத்தில் நின்று வாதாடுகிறது. மோதிவிட்டு ஓடிய கார் என்றால், அது உன் வாகனத்தைத் தொட்டதா என்று பல பத்திரங்கள் கேட்கும். தொடாமலே உன்னைப் பள்ளத்தில் தள்ளியிருந்தால், ‘அப்படி ஒரு கார் இருந்ததற்கு என்ன சாட்சி?’ என்று கையை விரித்துவிடும்.

பிரித்தானியாவில் இதே நோய்க்கு வேறு மருந்து கொடுக்கப்பட்டது. அங்கே 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. அதனையும் மீறிக் காப்புறுதியின்றி ஓட்டியவர்களால் அடிபட்டோர் வெறுங்கையுடன் நின்றனர். 1937இல் அறிக்கை சமர்ப்பித்த கசெல் குழு பொது நிதியொன்றை வேண்டியது, போர் குறுக்கிட்டது, 1946இல் போக்குவரத்து அமைச்சருடன் செய்த ஒப்பந்தத்தின்படி எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து மோட்டார்க் காப்புறுதியாளர் பணியகத்தை அமைத்தன. செலவு எல்லாருடைய கட்டுப்பணத்திலும் சிறிது சிறிதாகக் கலந்துவிட்டது. உடற்காயத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலத் தொழிலாளி நாம் முதலிற் சொன்ன வரியின் முன் பேனாவுடன் தயங்க வேண்டியதில்லை. கார் இல்லாமல் நடந்து செல்பவனும் அந்நிதியிடம் செல்லலாம். எமது நாட்டின் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமாக இருப்பதும் இந்த ஆங்கில மரபின் வழியேதான். 1960களின் தொடக்கத்தில் காப்புறுதித் தொழிலை இங்கே அரசுடைமையாக்கிய கதையும் பின்னர் அது கைமாறிய கதையும் வேறொரு கட்டுரைக்குரியவை.

நடந்து செல்பவன் என்றோம். அமெரிக்க ஏற்பாட்டின் மிகக் கொடிய இடம் அதுவே. இந்தக் காப்புறுதியைக் கொண்டவனும் அவன் வீட்டாரும் தெருவில் நடக்கும்போது அடிபட்டாலும் அவர்களுக்கு நட்டஈடு உண்டு. கார் வாங்கவே வசதியில்லாமல் பஸ்ஸுக்காக நிற்பவளிடம் பத்திரமும் இல்லை, வரியும் இல்லை. நியூயோர்க் போன்று பொது நிதி வைத்திருக்கும் சில மாநிலங்களைத் தவிர, மற்ற இடங்களில் அவளுக்கு எஞ்சியிருப்பது 1899ஆம் ஆண்டின் சட்டமே.

இனி, காப்புறுதி இல்லாதவன் யார்? கம்பெனிகளின் விளம்பரங்களில் அவன் பொறுப்பற்ற போக்கிரி. அத்தகையோரும் உளர், மறுப்பதற்கில்லை. ஆனால் புள்ளிகள் வேறொன்றையும் காட்டுகின்றன. காப்புறுதித் துறையின் சொந்த ஆராய்ச்சி மன்றமே 2019ஆம் ஆண்டுக்குத் தந்த மதிப்பீட்டின்படி, நாடு முழுவதிலும் எட்டு ஓட்டுநரில் ஒருவருக்குக் காப்புறுதி இல்லை. நாட்டிலேயே மிக ஏழையான மாநிலங்களில் ஒன்றாகிய மிசிசிப்பியில் அது நூற்றுக்கு 29. நியூ ஜேர்சியில் நூற்றுக்கு 3 மட்டுமே. இரண்டு மாநிலங்களிலும் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். சட்டம் ஒன்றாயிருக்க, மடிச்சீலை வேறாயிருக்கிறது. ஓட்டுபவன் எப்படி ஓட்டுகிறான் என்பதோடு, அவன் எந்தத் தெருவில் குடியிருக்கிறான், கடனை எவ்வளவு ஒழுங்காகத் திருப்பிக் கட்டினான் என்பவற்றையும் பார்த்துக் கட்டணம் விதிக்கப்படுகிறது. கடன் வரலாற்றைப் பார்த்து மோட்டார்க் காப்புறுதி விலையை நிர்ணயிப்பதைத் தடுத்திருக்கும் மாநிலங்கள் கலிபோர்ணியா, ஹவாய், மசச்சூசெற்ஸ் போன்ற சிலவே. வேலைக்குச் செல்ல பஸ் இல்லாத ஊரில் கார் அவசியம். கார் ஓட்டக் காப்புறுதி அவசியம். காப்புறுதிக்குக் கொடுக்கப் பணம் இல்லை. இந்த முடிச்சில் அகப்பட்டவனைப் போக்கிரி என்றழைப்பது வசதியான சொல்.

கலிபோர்ணியா ஒருபடி மேலே சென்றது. அங்கே 1996இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 213ஆம் பிரேரணை, காப்புறுதி இல்லாமல் ஓட்டியவன் பிறனுடைய குற்றத்தால் அடிபட்டாலும், வலிக்கும் வேதனைக்கும் அவன் நட்டஈடு கேட்க முடியாதபடி செய்தது. சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து மோதியவனுக்குக் காப்புறுதி இருந்தாற் போதும். அடிபட்டவனிடம் இல்லாவிட்டால், அவனுடைய வலிக்கு விலை கிடையாது. ஏழையின் வாக்கும் இதற்கு ஆதரவாக விழுந்திருக்கும் என்பதை நாம் வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறோம். காப்புறுதி இல்லாதவனைப் பற்றி அரை நூற்றாண்டாகச் செய்யப்பட்ட பிரசாரம் அத்தகையது.

பெறுமதியான பணமா என்ற கேள்விக்குத் திரும்புவோம். இந்த ஏற்பாட்டின் பிறப்பு இத்தகையது என்பதற்காக, அமெரிக்கத் தொழிலாளி அதை வாங்காது விடவேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். அவன் வாழும் நாட்டில் எல்லாருக்குமான பொது வைத்தியக் காப்பு இல்லை. ஓர் இரவு வைத்தியசாலையிற் படுத்தால் ஒரு குடும்பம் கடனில் மூழ்கும். இந்த வரிக்குரிய கட்டணமோ முழுக் கட்டுப்பணத்தில் பொதுவாகச் சிறிய பகுதியே. வைத்தியக் காப்புறுதி வேறாக வைத்திருப்பவனுக்கும், அது கொடாத சம்பள இழப்பை இது கொடுக்கும். கட்டுவதே அவனுக்கு நல்லது. கட்டுவதாயின் குறைந்தபட்ச வரம்போடு நின்றுவிடுவதிலும் பயன் குறைவு. கலிபோர்ணியாவில் ஒருவரின் காயத்துக்கு 15,000 டொலர் என்ற குறைந்தபட்ச வரம்பு 1967இலிருந்து மாறாமலே கிடந்தது. அதற்குள் விலைவாசி ஏறத்தாழ ஒன்பது மடங்காயிற்று. 2025 ஜனவரியிற்றான் அது 30,000 ஆக்கப்பட்டது. சட்டப்படி காப்புறுதி வைத்திருந்தவன் மோதியும், முறிந்த எலும்புக்கு அவனுடைய பத்திரம் போதாமற்போன குடும்பங்கள் அந்த 58 ஆண்டுகளில் எத்தனையோ.

இவ்வாறு தனி மனிதனுக்குப் பெறுமதியாயிருப்பது, அவனைச் சூழ்ந்திருக்கும் பொது ஏற்பாடுகள் இல்லாமையினாலேயே. 1965இல் கீற்றன், ஓ'கொனல் என்னும் இரு சட்டப் பேராசிரியர்கள் கொலம்பியா அறிக்கையின் எண்ணத்துக்கு மறுபடி உயிரூட்டினர். 1970இல் மசச்சூசெற்ஸ் அதன் ஒரு பகுதியை மட்டும் சட்டமாக்கியது. வேறு சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கொலராடோ போன்றவை பின்னர் கைவிட்டன. வழக்கறிஞர் சங்கங்களின் எதிர்ப்பு இதில் பெரும்பங்கு வகித்தது. தொழிலாளருக்காக வாதாடுபவர்களும் அவர்களுள் இருந்தனர் என்பது முற்போக்காளர் விழுங்க வேண்டிய கசப்பான உண்மை. நியூசிலாந்து மட்டுமே அடிமட்டம் வரை சென்றது. நீதியரசர் வூட்ஹவுஸ் 1967இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1974 ஏப்ரலில் அங்கே உடற்காயத்துக்காக வழக்குத் தொடரும் உரிமையே எடுக்கப்பட்டு, தெருவிலோ வேலையிலோ வீட்டிலோ விபத்தில் காயமடைந்த எவருக்கும் பொது நிதியிலிருந்து உதவும் முறை வந்தது.

அமெரிக்காவில் பழைய ஏற்பாட்டின் எச்சங்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. வேர்ஜீனியாவில் ஒருவன் 500 டொலர் கட்டிவிட்டுக் காப்புறுதி இல்லாமலே ஓட்டலாம் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. அந்த 500 டொலர் யாருக்கும் எந்தக் காப்பையும் வாங்கித் தரவில்லை. ஓட்டும் அனுமதியை மட்டுமே தந்தது. 2024 ஜூலையில் அவ்விதி நீங்கியது. எஞ்சியிருப்பது நியூ ஹாம்ப்ஷயர். பிறருக்கு நீ செய்யும் தீங்குக்காகக் காப்புறுதி வாங்க வேண்டுமென்று அந்த மாநிலம் வாகனக்காரரை இன்றும் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் நீயாக விரும்பி அதை வாங்கினால், பிறன் உனக்குச் செய்யும் தீங்குக்கான காப்புறுதியையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்ற 1957ஆம் ஆண்டின் விதி அங்கே உயிரோடிருக்கிறது.